ஜாடியில் இருந்த மூளை: ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் வகுப்பு குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தமிழ்நாட்டின் ஒரு சிறுநகரக் கலைக் கல்லூரியில் இளங்கலை ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு வகுப்பில் நடந்தது இது. அந்த வகுப்பின் ஆசிரியராக இதை எழுதுகிறேன். கல்லூரி, ஊர், மாணவர்கள் யாருடைய பெயரும் இதில் இல்லை. நாவல் நடத்தும் மற்ற ஆசிரியர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை வரிசையாகவே சொல்கிறேன்.

மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்கள். பலர் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள். அந்த செமஸ்டரில் மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' பாடமாக இருந்தது. 1816 கோடையில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்தபோது, 18 வயதில் ஷெல்லி எழுதத் தொடங்கிய நாவல் அது. 1818 ஜனவரியில் ஆசிரியர் பெயர் இல்லாமல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. அச்சிட்டது 500 படிகள்தான். 1831இல் அவரே திருத்திய பதிப்பு வந்தது. நாங்கள் வைத்திருந்தது அந்தத் திருத்திய பதிப்பு. அத்தியாய எண்கள் எல்லாம் அதன்படியே.

நாவலைப் படிக்காதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கதையை மூன்று பேர் சொல்கிறார்கள். வடதுருவக் கடலில் பயணம் போகும் வால்டன் தன் சகோதரிக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதங்களுக்குள், கப்பலில் ஏற்றிக் காப்பாற்றப்பட்ட விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் தன் கதையைச் சொல்கிறான். விக்டரின் கதைக்குள், அவன் உருவாக்கிய உயிர் தன் கதையைத் தானே சொல்கிறது. 11 முதல் 16 வரை உள்ள அத்தியாயங்கள் முழுக்க அதன் பேச்சு. நாவலின் நட்டநடுவில் இருப்பது அந்தக் குரல்தான். அதற்கு ஆசிரியர் பெயர் வைக்கவில்லை. வகுப்பில் எல்லோரும் 'மான்ஸ்டர்' என்றார்கள். இந்தக் கட்டுரையில் 'படைப்பு' என்கிறேன்.

முதல் இன்டர்னல் தேர்வில் தென்பட்டது

முதல் இன்டர்னலில் ஒரு கேள்வி: படைப்பு செய்த கொலைகளுக்கு யார் பொறுப்பு? பத்து மதிப்பெண். மாணவர்கள் அதற்குள் முன்பாதியைப் படித்திருக்க வேண்டும். கைடும் ஜெராக்ஸ் நோட்ஸும் எல்லோர் கையிலும் இருந்தன.

விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே பதில் வேறு வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு மாணவி தெளிவாகவே எழுதியிருந்தார்: விக்டரின் உதவியாளன் நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டான், அதனால் குற்றவாளி ஒருவனின் மூளையை எடுத்து வந்தான், அந்த மூளையை வைத்ததால்தான் மான்ஸ்டர் கொலை செய்தது. வேறு பலர் இடி மின்னலில் உயிர் வந்தது என்று எழுதினார்கள். 'டாக்டர் ஃபிராங்கன்ஸ்டைன்' என்று எழுதினார்கள். அது பேசத் தெரியாது, உறுமும், கைகளை முன்னால் நீட்டிக்கொண்டு நடக்கும் என்றார்கள். உதவியாளன் பெயர் இகோர் என்று எழுதியவர்களும் உண்டு.

இதில் எதுவுமே நாவலில் கிடையாது. விக்டர் டாக்டர் அல்ல, இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழகத்து மாணவன். அவனுக்கு உதவியாளனே இல்லை. தனியாக, யாருக்கும் தெரியாமல் மாடியறையில் வேலை செய்கிறான். மூளை மாறியதாக ஒரு வரிகூட இல்லை. படைப்பின் உயரம் எட்டடி. மஞ்சள் தோலுக்கு அடியில் தசையும் நரம்பும் தெரியும். கருத்துப் பளபளக்கும் நீண்ட தலைமுடி, முத்துப் பல், நீர் கோத்த கண்கள், கறுத்த உதடு. மலைப்பாறைகளில் மனிதரால் முடியாத வேகத்தில் ஏறும். பேச்சிலோ நாவலில் அதை மிஞ்ச ஆளில்லை.

பெயரையும் முடியையும் தவறாக எழுதினால் அரை மதிப்பெண் விஷயம். மூளை அப்படியல்ல. அந்த ஒரு ஜாடி உள்ளே வந்தவுடன் நாவல் கேட்கும் கேள்விக்கே இடமில்லாமல் போகிறது. பிறக்கும்போது கெட்டதாகப் பிறக்காத ஒரு உயிர் எப்படிக் கொலைகாரன் ஆனது, பெற்றவன் கைவிட்டதாலா, பார்த்தவர்கள் எல்லாம் அடித்துத் துரத்தியதாலா, அல்லது அதுவே அறிந்து எடுத்த முடிவா என்றுதான் ஷெல்லி கேட்கிறார். 'மூளை கெட்டது' என்று சொல்லிவிட்டால் விசாரணையே முடிந்துபோகும். அந்த மாணவியின் விடை அவர் அறிந்த கதைக்குச் சரியான விடை. அவர் அறிந்த கதை வேறு, அவ்வளவுதான்.

எங்கிருந்து வந்தது

முதலில் கைடைச் சந்தேகப்பட்டேன். வாங்கிப் பார்த்தேன். உள்ளே இருந்த கதைச் சுருக்கம் பெரும்பாலும் சரியாகவே இருந்தது; மூளை ஜாடி அதில் இல்லை. அட்டையில்தான் அந்த முகம்: தட்டைத் தலை, நெற்றியில் தையல், கழுத்தின் இரண்டு பக்கமும் ஆணி.

வகுப்பில் கேட்டேன். 1931இல் ஹாலிவுட்டின் யுனிவர்சல் நிறுவனம் எடுத்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தை முழுதாகப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. கார்ட்டூனில் பார்த்தோம் மேம், யூடியூப்ல ஒரு நிமிஷ வீடியோ வந்துச்சு, நோட்டு அட்டையில இருந்துச்சு என்றார்கள். ஆக, படத்தைப் பார்க்காமலேயே படம் அவர்களுக்குள் இறங்கியிருந்தது. தொண்ணூறு ஆண்டுகளாக ஒன்றைப் பார்த்து ஒன்று வரைந்து, நகலின் நகலாக வந்து சேர்ந்தது அது.

படைப்பு மட்டும் எப்படி இவ்வளவு தூரம் வந்தது என்று பார்க்கும்போது எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த முகம்தான். ஜேம்ஸ் வேல் இயக்கிய அந்தப் படத்தில் போரிஸ் கார்லாஃபுக்கு ஒப்பனை செய்தவர் ஜாக் பியர்ஸ். மண்டையை மூடிபோல வெட்டித் திறந்து மூளையை வைத்துத் திரும்ப மூடியிருப்பார்கள் என்ற யோசனையில் அவர் தலையின் உச்சியைத் தட்டையாக்கினார். கழுத்தில் இருப்பவை மின்சாரம் செலுத்துவதற்கான முனைகள். அதாவது அந்த முகத்தைப் பார்த்தாலே இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறது: உள்ளே வேறொருவன் மூளை, உயிர் தந்தது மின்சாரம். படம் பார்க்காதவரும் அந்த முகத்திலிருந்தே கதையைப் படித்துவிடுகிறார்.

இன்னொரு காரணமும் உண்டு. உயிர் கொடுக்கும் காட்சி நாவலில் மிகச் சின்னது. நவம்பர் மாதத்து மழை இரவு, அணையப் போகும் மெழுகுவர்த்தி, படைப்பின் மஞ்சள் கண் திறக்கிறது. எப்படிச் செய்தேன் என்பதை வால்டனிடம்கூடச் சொல்ல விக்டர் மறுத்துவிடுகிறான். ஷெல்லி வேண்டுமென்றே வெற்றிடமாக விட்ட இடம் அது. 1831 பதிப்பின் முன்னுரையில் மட்டும் மின்சாரத்தால் தசையைத் துடிக்கவைக்கும் அக்காலச் சோதனைகள் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. நாவலுக்குள் விக்டரின் பதினைந்து வயதில் ஒரு மின்னல் ஓக் மரத்தைச் சிதறடிக்கிறது; ஆனால் படைப்புக்கு உயிர் வரும் காட்சியில் மின்னலே இல்லை. அந்த வெற்றிடத்தைத்தான் கென்னத் ஸ்ட்ரிக்ஃபேடன் செய்துகொடுத்த பொறி பறக்கும் கருவிகளால் படம் நிரப்பியது. வெறும் இடத்தில் வைத்த காட்சி என்பதால் அப்படியே ஒட்டிக்கொண்டது.

எல்லாப் பழியையும் 1931 படத்தின் மேல் போடவும் முடியாது. படைப்பை ஊமையாக்கியது மேடைநாடகம். 1823இல் லண்டனில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி பீக் எழுதிய நாடகம் அரங்கேறியது. டி. பி. குக் என்ற நடிகர் பேச்சே இல்லாமல் படைப்பாக நடித்தார். ஃபிரிட்ஸ் என்ற வேலைக்காரன் அப்போதுதான் கதைக்குள் நுழைந்தான். 1931 படத்தில் ஜாடியை உடைப்பவன் பெயரும் ஃபிரிட்ஸ்தான். இகோர் என்ற பெயர் 1939இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் பெலா லுகோசி ஏற்ற வேடத்துக்கு உரியது. அவனும் ஆய்வகத்து உதவியாளன் அல்ல, தூக்கிலிட்டும் சாகாமல் கழுத்து முறிந்து பிழைத்த கொல்லன். கை நீட்டிய நடை 1943 படத்தில் வருகிறது. படைத்தவன் பெயரைப் படைப்புக்கு வைத்துச் சொல்லும் பழக்கமோ சினிமாவுக்கே முந்தியது. 1848இல் வந்த எலிசபெத் காஸ்கெல்லின் நாவலிலேயே இருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

துறையில் மூத்த சக ஆசிரியர் ஒருவர், இரண்டு பத்தி போட்டு 'நாவலில் / படத்தில்' என்று ஒரு பட்டியல் கொடுத்துவிடலாம் என்றார். நேரம் மிச்சம், தேர்வுக்கும் உதவும் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. பட்டியலைக் கொடுத்தால் அதை மனப்பாடம் செய்வார்கள். படைப்பு பேசும் என்று எழுதுவார்கள், ஆனால் அது என்ன பேசியது என்று அவர்களுக்குத் தெரியாது. பேசும் என்ற தகவல் போதாது. அந்தக் குரலைக் காதால் கேட்க வேண்டும். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம்: பட்டியல் வேண்டும், ஆனால் பருவக் கடைசியில் மாணவர்களே தயாரிக்க வேண்டும்.

அந்த இன்டர்னலில் படக்கதையை எழுதியதற்காக மதிப்பெண் குறைப்பதில்லை என்றும் முடிவெடுத்தேன். அதற்குப் பதில் அந்த வரிகளை வட்டமிட்டு, 'இது எந்தப் பக்கத்தில்?' என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். தப்பு என்று சொன்னால் கைடில் தேடிச் சரியானதை எழுதிக்கொள்வார்கள். பக்கம் கேட்டால் புத்தகத்தைத் திறந்தாக வேண்டும்.

அடுத்தது வரிசை. நாவலை முதலிலிருந்து நடத்தும் வழக்கத்தை விட்டுவிட்டு, 11ஆம் அத்தியாயத்துக்கு நேராகப் போனோம். படைப்பின் குரல் காதில் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் அதைப் பற்றிச் சொல்வதைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் ஒரு பகுதியை உரக்க வாசிப்பது, பிறகு ஒரு மாணவர் அதே பகுதியைப் படைப்பின் இடத்தில் நின்று 'நான்' என்று தமிழில் சொல்வது என்று வைத்துக்கொண்டோம். 1818ஆம் ஆண்டின் ஆங்கிலம் இந்த மாணவர்களுக்குக் கனமானது. பொருளை உள்வாங்கினார்களா என்று தெரிய அவர்கள் பேச்சுத் தமிழைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படத்தையும் ஒதுக்கக் கூடாது என்று முடிவெடுத்தோம். துண்டு துண்டாகப் பார்த்ததால்தான் அது மாணவர்களிடம் வெறும் முகமாகத் தங்கியிருந்தது. முழுப் படமும் ஏறக்குறைய எழுபது நிமிடம்தான். இரண்டு பீரியட்களைச் சேர்த்துப் புரொஜெக்டரில் போட்டுவிடலாம். ஆனால் வாசிப்புக்குப் பிறகே.

வாசிப்பில் நடந்தது

முதல் வகுப்புகளில் தயக்கம்தான். 11ஆம் அத்தியாயத்தில் படைப்பு தன் முதல் நாட்களை நினைவுகூர்கிறது. வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கிறது, பசி, குளிர், எது என்ன என்றே தெரியாத குழப்பம், அழுகை. மரங்களுக்கு நடுவே நிலா எழுவதைப் பார்த்து அதற்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. யாரோ விட்டுப்போன நெருப்பைக் கண்டு சந்தோஷப்பட்டுக் கையை விட, சுட்டுவிடுகிறது. இதைத் தமிழில் சொன்ன மாணவர் நடுவில் நிறுத்தி, "இது குழந்தைதானே மேம்?" என்றார். யாரும் சொல்லிக் கொடுக்காமல் வகுப்பு அந்த இடத்துக்கு வந்திருந்தது.

டி லேசி குடும்பத்தின் பகுதிதான் எல்லோரையும் இழுத்தது. காட்டில் ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, சுவரின் இடுக்கு வழியாக அந்தக் குடும்பத்தைப் பார்த்தே படைப்பு மொழி கற்கிறது. அவர்கள் ஏழைகள் என்று தெரிந்ததும் அவர்கள் உணவைத் திருடுவதை நிறுத்திவிடுகிறது. இரவில் விறகு வெட்டி வாசலில் போடுகிறது. ஒரு மாணவி அதை இப்படிச் சொன்னார்: "வெறகு கெடக்குறதப் பாத்து ஏதோ நல்ல ஆவி வந்து போட்டிருக்குன்னு பேசிக்கிட்டாங்க. அந்த நல்ல ஆவி நான்தான்னு அவங்களுக்குத் தெரியாது." வகுப்பு அமைதியாகக் கேட்டது. அந்த வீட்டுக்கு வரும் சேஃபி என்ற அயல்நாட்டுப் பெண்ணுக்கு அவர்கள் மொழி கற்றுத்தர, ஒளிந்திருந்தபடியே படைப்பும் சேர்ந்து படிக்கிறது. ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் மாணவர்கள் நிறைந்த வகுப்பில், ஒளிந்து நின்று ஒரு மொழியைக் கற்கும் உயிரை விளக்க நான் எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை.

பிறகு அது காட்டில் ஒரு தோல் பெட்டியைக் கண்டெடுக்கிறது. அதற்குள் மில்டனின் 'இழந்த சொர்க்கம்', புளூட்டார்க் எழுதிய வாழ்க்கை வரலாறுகள், கதேயின் 'வெர்தர்'. மூன்றையும் படிக்கிறது. ஆதாமைத் தன்னோடு ஒப்பிட்டுப் பார்த்து, எனக்கு ஏவாளும் இல்லை, என்னைப் படைத்தவனும் வெறுத்து ஓடிவிட்டான் என்று புலம்புகிறது. இந்த இடத்தில் இன்டர்னலில் மூளை ஜாடியைப் பற்றி எழுதிய மாணவி கேட்டார்: கெட்ட மூளையாக இருந்தால் இதையெல்லாம் எப்படிப் படித்திருக்கும்? அவருடைய பழைய விடைக்கு அவரே போட்ட வட்டம் அது.

கடைசியில் கண் தெரியாத கிழவரிடம் மட்டும் தனியாகப் பேசத் துணிகிறது. அவர் அன்பாகக் கேட்கிறார். மற்றவர்கள் உள்ளே வருகிறார்கள்; கிழவரின் மகன் பார்த்த மாத்திரத்தில் அடிக்கிறான். பிறகு ஆற்றில் விழுந்த ஒரு சிறுமியைக் காப்பாற்றுகிறது. கூட வந்தவன் துப்பாக்கியால் சுடுகிறான். இதுவரை நிதானமாக வாசித்தோம். 16ஆம் அத்தியாயத்தின் பின்பாதிக்கு வரும்போது பருவ விடுமுறை நெருங்கிவிட்டது. விக்டரின் தம்பியான சிறுவன் வில்லியமைக் கொல்வதும், அவன் கழுத்திலிருந்த சிறு உருவப்படத்தை எடுத்து உறங்கிக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் ஜஸ்டினின் ஆடைக்குள் வைத்து அவளை மாட்டிவிடுவதும் அங்கேதான் வருகின்றன. அதை ஒரே வகுப்பில் வேகமாக முடித்தோம். இதன் விளைவைப் பின்னால் சொல்கிறேன்.

படம் பார்த்த நாள்

விடுமுறை முடிந்து வந்ததும் படத்தைப் போட்டோம். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். தொடக்கத்தில் சிரிக்கவும் செய்தார்கள். நடிகர் பெயர்கள் வரும் பட்டியலில் மான்ஸ்டருக்கு எதிரே கேள்விக்குறி மட்டும் இருந்ததைச் சிலர் கவனித்தார்கள். 1823 நாடக விளம்பரத்திலும் குக்கின் பெயருக்கு எதிரே வெறும் கோடுதான் போட்டிருந்தார்கள் என்றும், அந்த நாடகத்தைப் போய்ப் பார்த்த ஷெல்லிக்கு அப்படிப் பெயரில்லாமல் விட்டது பிடித்திருந்தது என்றும் சொன்னேன்.

மூளை ஜாடிக் காட்சி வந்ததும் வகுப்பில் சலசலப்பு. எங்கே இருந்து வந்தது என்று கண்ணால் பார்த்துவிட்டார்கள். ஆனால் அதற்கப்புறம் நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். மேற்கூரையின் கதவு திறந்து வெளிச்சம் விழும்போது கார்லாஃப் இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி அதைப் பிடிக்கப் பார்க்கிறார். பேச்சில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "அந்த நிலா" என்றார். 11ஆம் அத்தியாயத்தின் நிலாவை அந்தக் கைகளில் கண்டுவிட்டார். நாவலை முதலில் வாசித்ததால் கிடைத்தது இது. படம் குரலை எடுத்துவிட்டு, இருந்ததில் ஒரு பங்கை உடம்புக்குக் கொடுத்திருக்கிறது. கார்லாஃபின் நடிப்பை அப்படிப் பார்க்கத் தெரிந்தபின் அந்த முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து இன்னொரு மாணவர் நுட்பமாக ஒன்றைப் பிடித்தார். ஃபிரிட்ஸ் தீப்பந்தத்தைக் காட்டிக் காட்டி அதைச் சித்திரவதை செய்கிறான். அதன் பிறகுதான் அது அவனைக் கொல்கிறது. ஏரிக்கரையில் சிறுமி மரியா பூக்களைத் தண்ணீரில் மிதக்க விட்டுக் காட்டுகிறாள். பூ தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுகிறது. இந்த இரண்டிலும் குற்றவாளி மூளைக்கு என்ன வேலை என்று கேட்டார். படம் வாயால் ஒரு காரணமும் காட்சியால் இன்னொரு காரணமும் சொல்கிறது. மக்கள் மனதில் தங்கியது ஜாடிதான். காரணம் ஜாடி என்றால் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடலாம்.

பேச்சு திரும்ப வருவது 1935இல் வந்த அடுத்த படத்தில். அங்கே கண் தெரியாத துறவி ஒருவர் அதற்குச் சில வார்த்தைகள் கற்றுத் தருகிறார். டி லேசி கிழவரின் நிழல் அவரில் இருப்பதை, அந்தக் காட்சியை மட்டும் காட்டியவுடன் வகுப்பே சொல்லிவிட்டது.

பருவத்தேர்வுக்கு முந்தைய மாதிரித் தேர்வு

அதே கேள்வியை வேறு வார்த்தையில் கேட்டேன். மூளை ஜாடி எந்தத் தாளிலும் இல்லை. மின்னல் சிலவற்றில் இருந்தது. 'டாக்டர் ஃபிராங்கன்ஸ்டைன்' போகவில்லை. பழகிய பெயர் சுலபத்தில் போகாது, அதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவும் இல்லை. பலர் டி லேசி பகுதியிலிருந்து மேற்கோள் காட்டி எழுதியிருந்தார்கள். சொந்த வாசிப்பு தெரிந்தது.

ஆனால் இன்னொரு சாய்வு வந்திருந்தது. பெரும்பாலான தாள்களில் படைப்பு முழு நிரபராதி. சமூகம் வெறுத்தது, விக்டர் கைவிட்டான், அதனால் அது கொன்றது, அத்தோடு முடிந்தது. வில்லியம் ஒரு வரியில் வந்து போனான். ஜஸ்டின் பெயர் அனேகமாக எங்குமே இல்லை. செய்யாத குற்றத்துக்குத் தூக்கில் தொங்கிய, பாவமன்னிப்புக்கு வந்த பாதிரியார் மிரட்டியதால் பொய்யாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட, கேட்க நாதியற்ற வேலைக்காரப் பெண்ணை வகுப்பு முழுதாக மறந்துபோயிருந்தது. உண்மை தெரிந்த விக்டர் நீதிமன்றத்தில் வாய் திறக்கவில்லை. அவளை மாட்டிவிட்டது தான்தான் என்று படைப்பு தன் வாயாலேயே சொல்கிறது. மூளை ஜாடி ஒரு விதத்தில் விசாரணையை மூடியது என்றால், இரக்கம் இன்னொரு விதத்தில் மூடியிருந்தது.

இதற்குக் காரணம் மாணவர்களின் அலட்சியம் இல்லை. அழகாகப் பேசுகிறவன் பக்கம் சாய்வது இயல்பு, படைப்பின் பேச்சு அவ்வளவு ஆற்றலுடையது. அதன் பேச்சுக்கு மயங்காதே என்று விக்டரே வால்டனை எச்சரிக்கிறான். கூடவே, ஐந்து அத்தியாயங்களை நிதானமாகவும் கொலை வரும் பக்கங்களை அவசரமாகவும் வாசித்த எங்கள் வரிசையும் அந்தச் சாய்வைக் கூட்டியது.

இருந்த சொற்ப நாட்களில் 7, 8ஆம் அத்தியாயங்களைத் திறந்து ஜஸ்டினின் விசாரணையை மட்டும் வாசித்தோம். அதுவரை எதற்கும் எழுந்து பேசாத ஒரு மாணவி அன்று பேசினார். வீட்டுவேலைக்குப் போன தன் ஊர்ப் பெண்கள்மேல் நகை திருடியதாகச் சொல்லப்படும்போது யாரும் சாட்சிக்கு வருவதில்லை என்றார். தேர்வில் அவர் ஜஸ்டினைப் பற்றியே எழுதினார் என்று பிறகு சொன்னார்.

மாணவர்கள் தயாரித்த பட்டியல் இரண்டு பத்தியில் அடங்கவில்லை. 1818, 1823, 1831, 1931, 1935, 1939, 1943 என்று ஆண்டுவாரியாகப் போட்டு, எது எப்போது ஒட்டியது என்று காட்டினார்கள். பட்டியல் கேட்ட சக ஆசிரியர் இப்போது அதைத் தன் வகுப்பிலும் பயன்படுத்துகிறார்.

டிராகுலாவில் அதே முறை

அடுத்த பருவத்தில், விருப்பமுள்ளவர்கள் சேர்ந்து நூலகத்தில் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா'வை வாசித்தார்கள். 1897இல் வந்த நாவல். அதே முறையை வைத்துக்கொள்ளலாம் என்று இறங்கினோம். சரிவரவில்லை, அதற்குக் காரணம் நாவலிலேயே இருந்தது. டிராகுலாவுக்கென்று ஒரு அத்தியாயமும் கிடையாது. நாட்குறிப்பு, கடிதம், தந்தி, ஒலிப்பதிவு என்று பெரும்பாலும் அவரை வேட்டையாடுபவர்கள் எழுதியவை. மீனா என்ற பெண் அவற்றைத் தட்டச்சு செய்து கோக்கிறார். முதல் நான்கு அத்தியாயங்களுக்குப் பிறகு டிராகுலா முகம் காட்டுவதே அபூர்வம். "டிராகுலா எங்க மேம்?" என்று பாதிப் புத்தகத்தில் கேட்டார்கள்.

ஃபிராங்கன்ஸ்டைன் படம் குரலைப் பறித்தது என்றால், 1931 பிப்ரவரியில் வந்த டாட் பிரவுனிங்கின் படம் டிராகுலாவுக்கு நாவலில் இல்லாத இருப்பையும் குரலையும் கொடுத்தது. பெலா லுகோசியின் ஹங்கேரிய உச்சரிப்பும் மாலை விருந்து உடையும் இல்லாமல் இன்று யாராலும் அவரை நினைக்க முடியாது. நாவலில் முதலில் வரும்போது அவர் வெள்ளை மீசை வைத்த கிழவர், உள்ளங்கையில் முடி. லண்டனில் பட்டப்பகலில் நடமாடுகிறார். சூரிய ஒளி பட்டுச் சாவது 1922இல் முர்னாவ் எடுத்த ஜெர்மன் படத்தின் கற்பனை. நாவலில் அவரை முடிப்பவை இரண்டு கத்திகள். வாசகர்களில் பலர் பாதியில் நின்றுவிட்டார்கள். கடைசிவரை வந்தவர்கள், யார் எழுதுகிறார்கள், யார் எழுத அனுமதிக்கப்படவில்லை என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள்.

மறுபடி நடத்தும்போது

இந்த ஆண்டு வரிசையை மாற்றியிருக்கிறேன். ஜஸ்டினின் விசாரணை முதலில். கொன்றது யார் என்று தெரியாமலேயே மாணவர்கள் அவளுக்காக வாதாடட்டும். பிறகு படைப்பின் அத்தியாயங்கள். அதிலும் 16ஆம் அத்தியாயத்தின் பின்பாதிக்கு முழுத் தனி வகுப்பு, பருவ விடுமுறைக்கு முன்பே. தமிழில் சொல்பவர் அந்தப் பக்கங்களிலும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். வில்லியமின் கழுத்தை நெரித்ததையும், படத்தை ஆடைக்குள் சொருகியதையும் 'அது' என்று மாற்றிச் சொல்லக் கூடாது.

முழுப் படத்தையும் போடுவது தொடரும். வாசிப்புக்குப் பிறகு என்பதிலும் மாற்றமில்லை. டிராகுலாவுக்கு உரக்க வாசிக்கும் முறையை விட்டுவிட்டு, மீனாவின் தட்டச்சிலிருந்து தொடங்கப்போகிறோம்: ஒவ்வொரு ஆவணத்தையும் யார் எழுதினார், எப்போது, யார் படிக்க என்று முதல் நாளிலிருந்தே குறித்துக்கொண்டு போவது. இன்டர்னலில் 'இது எந்தப் பக்கத்தில்?' என்று எழுதிக் கேட்பதை இப்போது துறையில் மற்ற தாள்களுக்கும் செய்கிறார்கள். கைடு அட்டையில் அந்தத் தட்டைத் தலை இன்னும் இருக்கிறது. முதல் வகுப்பில் அதைத்தான் மேசைமேல் வைத்து, இந்தத் தலை ஏன் தட்டையாக இருக்கிறது என்று கேட்கப்போகிறேன்.